காய்கறி போட்ட கோதுமை ரவைக் கஞ்சி: மேலே தண்ணி, அடியில் களி

புதுக்குக்கர் | 4 நவம்பர், காலை 8.10

ஒரு டம்ளர் சம்பா கோதுமை ரவை, மூணு டம்ளர் தண்ணீர், கேரட், பீன்ஸ், பட்டாணி. குக்கரில் மூணு விசில். திறந்தால் மேலே தண்ணி நிற்கிறது, அடியில் களி. ஆறினபிறகு மொத்தத்தையும் கத்தியால் துண்டு போடலாம். பாக்கெட்டில் 1:3 என்றுதான் போட்டிருக்கிறது. ராத்திரிக்கு அரிசியை விட்டுவிட்டு இதைச் சாப்பிடலாம் என்று வீட்டில் முடிவு. சர்க்கரை இருப்பவர் ஒருவர் இருக்கிறார். பீன்ஸ் வேறு பாசி நிறத்துக்குப் போய்விடுகிறது. என்ன செய்யணும்?

நெய்க்கரண்டி | 4 நவம்பர், காலை 9.02

1:3 என்பது உப்புமாவுக்கான அளவு, அதுவும் கொஞ்சம் குழைவான உப்புமா. பாக்கெட் எழுதியவர் கஞ்சியை நினைக்கவே இல்லை. கஞ்சிக்கு மொத்தத்தில் ஒன்றுக்கு ஏழு வரை போகும். ஆனால் ஏழையும் முதலிலேயே ஊற்றாதீர்கள். அதை எழுத நேரம் வேண்டும், மத்தியானம் வருகிறேன். அதுவரை ஒரு வேலை: ரவையை டீ வடிகட்டியில் போட்டுத் தட்டிப் பாருங்கள். கீழே எவ்வளவு மாவு விழுகிறது என்று சொல்லுங்கள்.

புதுக்குக்கர் | 4 நவம்பர், காலை 9.30

ஒரு டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் மாவு விழுந்தது!

நெய்க்கரண்டி | 4 நவம்பர், பிற்பகல் 2.15

அந்த மாவுதான் பாதிப் பசை. ரவை உடையும்போது விழுகிற பொடி தண்ணீர் பட்டவுடனே வெந்து கூழாகிவிடும். பெரிய குருணை ஊறி வேக இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போதே சுற்றியுள்ள தண்ணீர் கெட்டியாகிப் போகிறது. அப்புறம் குருணைக்குத் தண்ணீர் உள்ளே போவதும் மெதுவாகிறது. வெளியே பசை, உள்ளே நடுவில் வெள்ளைப் புள்ளி.

மீதிப் பாதி, ரவை அடியில் உட்காருவது. மூடின குக்கருக்குள் யாரும் கிளறப் போவதில்லை. தண்ணீர் கொதிக்கும் முன்பே ரவையைப் போட்டு மூடினால் அது நேராக அடிக்குப் போய்ப் படியும், அங்கேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். மேலே இருக்கிற தண்ணீர் தனியாக நிற்கும்.

அளவு, மூன்று பேருக்கு (ராத்திரிச் சாப்பாடாக):

சலித்த ரவை 100 கிராம். ஆழாக்கில் அளந்தால் (ஏறக்குறைய 168 மில்லி) முக்கால் ஆழாக்கு. பாசிப்பருப்பு 30 கிராம். காய்கறி நறுக்கியபின் 250 கிராமுக்குக் குறையாமல். சின்ன வெங்காயம் பத்து. குக்கருக்குள் தண்ணீர் 700 மில்லி. திறந்தபிறகு ஊற்றத் தனியாகக் கொதிநீர் 200 முதல் 250 மில்லி. உப்பு தலை தட்டிய ஒரு டீஸ்பூன், அதுவும் கடைசியில்.

செய்முறை:

குக்கரிலேயே ஒரு டீஸ்பூன் நெய் விட்டு ரவையை நடுத்தரத்துக்குக் கீழான தீயில் ஐந்து நிமிஷம் வறுக்கணும். நிறம் ஒரு சாயல் மாறினால் போதும், வாசனைதான் அடையாளம். தட்டில் கொட்டிவிடுங்கள். சூடான குக்கரிலேயே விட்டால் அடியில் இருப்பது கருகிக் கசக்கும். பருப்பைத் தனியாக, எண்ணெய் இல்லாமல் வறுக்கவும். சேர்த்து வறுத்தால் பருப்பு சிவக்கிற நேரமும் ரவை சிவக்கிற நேரமும் ஒத்துவராது.

இரண்டு டீஸ்பூன் எண்ணெய், அரை டீஸ்பூன் சீரகம், ஒன்றிரண்டாகத் தட்டிய மிளகு அரை டீஸ்பூன், இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, வெங்காயம். வெங்காயம் வதங்கியதும் கேரட்டும் பருப்பும், ஒரு சிட்டிகை மஞ்சள். 700 மில்லி தண்ணீரை ஊற்றித் தளதளவென்று கொதிக்க விடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் ரவையைத் தூவிக்கொண்டே கிளறி, மறுபடி கொதி வந்தபிறகு அடிவரை ஒருமுறை துழாவிவிட்டு மூடணும். ஆவி சீராக வந்ததும் வெயிட். ஒரு விசில், உடனே தீயைச் சிம்மில் வைத்து ஆறு நிமிஷம். அணைத்து, பிரஷர் தானாக இறங்கட்டும்.

திறந்தால் கெட்டியாகத்தான் இருக்கும். அந்தக் கொதிநீரை மூன்று தவணையாக ஊற்றிக் கரண்டியின் பின்புறத்தால் மசித்துக் கலக்குங்கள். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கட்டி கட்டியாகத் திரளும். பீன்ஸ், பட்டாணி, உப்பு இப்போதுதான், மூடாமல் கொதிக்கட்டும். பட்டாணிக்கு மூன்று நிமிஷம் போதும். பீன்ஸை அரை சென்டிமீட்டருக்கு மேல் நறுக்காதீர்கள், அதற்கு ஐந்தாறு நிமிஷம் ஆகும். இறக்கியபின் கொத்தமல்லி, எலுமிச்சை.

கொங்கு மஞ்சள் | 4 நவம்பர், மாலை 6.40

எல்லாம் சரிங்க, ரவையைக் கழுவவே இல்லையே? நாங்க ரேஷன் கோதுமையை மில்லில் கொடுத்து உடைச்சு வாங்குறோம். கழுவாம எப்படிப் போடறது?

நெய்க்கரண்டி | 4 நவம்பர், இரவு 9.20

மில்லில் உடைப்பதாக இருந்தால் கழுவ வேண்டியது ரவையை இல்லை, கோதுமையை. கோதுமையை அலசி, கல் அரித்து, வெயிலில் நன்றாகக் காயவைத்து அப்புறம் கொடுங்கள். ஈரம் இருந்தால் மில்லில் நசுங்கும், உடையாது. உங்களுக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருந்தால் கஞ்சிக்குத் தனியாக மிளகாயே வேண்டாம், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்தபின் இரண்டு சல்லடையில் சலித்தால் மூன்று ரகம் கிடைக்கும்: பெரிய குருணை, நடுத்தரம், மாவு. கஞ்சிக்கு நடுத்தரம், உப்புமாவுக்குப் பெரியது, மாவு சப்பாத்திக்கு.

கடையில் வாங்கிய ரவையைக் கழுவியே ஆகணும் என்பவர்கள் நெய் இல்லாமல் வெறுமனே வறுத்து, ஆறவைத்து, சமைக்கிற நேரத்தில் ஒரே அலசு அலசி வடித்து அப்படியே கொதிநீரில் போடலாம். கழுவிவிட்டு ஈரத்தோடு வறுப்பதுதான் தொல்லை. சட்டியில் ஒட்டி உருண்டையாகும்.

புதுக்குக்கர் | 6 நவம்பர், காலை 7.55

நேற்று ராத்திரி செய்தோம். களி இல்லை, ஒட்டவும் இல்லை. பீன்ஸ் பச்சையாகவே இருந்தது. ஆனால் வெயிட்டில் இருந்து மஞ்சளாக நுரை தெறித்து அடுப்பெல்லாம் அபிஷேகம்.

நெய்க்கரண்டி | 6 நவம்பர், காலை 8.30

எத்தனை லிட்டர் குக்கர்?

புதுக்குக்கர் | 6 நவம்பர், காலை 8.34

இரண்டு.

நெய்க்கரண்டி | 6 நவம்பர், காலை 8.50

அதுதான். பருப்பும் ரவையும் நுரைத்து எழும்புகிறவை. இப்படிப்பட்டவற்றுக்குக் குக்கரில் தண்ணீரோடு சேர்த்துப் பாதிக்கு மேல் நிரப்பக்கூடாது. நான் சொன்ன அளவு 2 லிட்டரில் பாதிக்கும் மேலே போய்விடும். 3 லிட்டருக்குச் சரியாக இருக்கும். நுரை வெயிட் குழாயில் போய் அடைத்துக்கொள்வது விளையாட்டுக் காரியம் இல்லை. ஒவ்வொரு முறையும் குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், ஓட்டை தெரியணும். சின்னக் குக்கர்தான் என்றால் ரவையை 60 கிராமாகவும் மற்றதை அதே விகிதத்திலும் குறையுங்கள். மூடும் முன் மேலே மிதக்கிற நுரையைக் கரண்டியால் எடுத்து எறிந்துவிட்டால் பாதித் தொல்லை போகும்.

பெரிய குக்கர் இருந்தால் இன்னொரு வழி: உள்பாத்திரம். குக்கர் அடியில் ஒரு டம்ளர் தண்ணீர், மேலே பாத்திரத்தில் வறுத்த ரவை, பருப்பு, கொதிநீர். அடிப்பிடிக்க வாய்ப்பே கிடையாது. சூடு மெதுவாக ஏறுவதால் சிம்மில் ஆறு நிமிஷத்துக்குப் பதில் பன்னிரண்டு வையுங்கள்.

உளுந்தூர் | 6 நவம்பர், காலை 11.05

விசில் கணக்கு சொல்லாமல் நிமிஷக் கணக்கு சொல்கிறீர்களே, ஏன்?

நெய்க்கரண்டி | 6 நவம்பர், காலை 11.20

பெரிய தீயில் மூன்று விசில் மூன்றே நிமிஷத்தில் வரும். சின்னத் தீயில் பத்து நிமிஷம் ஆகும். இரண்டும் "மூணு விசில்"தான்.

நெய்க்கரண்டி | 7 நவம்பர், இரவு 8.45

சர்க்கரை விஷயம் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் இந்த இழையைப் படிப்பவர்கள் அண்டா நிறையக் கஞ்சி வைத்துக் குடிப்பார்கள்.

ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி, 100 கிராம் முழுக் கோதுமையில் சுமார் 320 கலோரி, புரதம் 10.6 கிராம், நார்ச்சத்து 11.2 கிராம். பச்சரிசியில் சுமார் 356 கலோரி, நார்ச்சத்து 2.8 கிராம். ஆக, கலோரியில் பெரிய வித்தியாசம் இல்லை. நாரில்தான் லாபம். அந்த நார் தவிட்டில் இருக்கிறது. வெள்ளை ரவையில் தவிடு கிடையாது, அதனால் அதை இதற்குப் பதிலாகப் போட முடியாது.

அந்த லாபத்தைச் சமையலிலேயே தொலைக்கவும் முடியும். எவ்வளவு நுணுக்கமாக உடைக்கிறோமோ, எவ்வளவு குழைய விடுகிறோமோ, அவ்வளவு வேகமாக மாவுச்சத்து ரத்தத்தில் சர்க்கரையாக ஏறும். மிக்ஸியில் அடித்துக் குடிக்கிற கஞ்சி சர்க்கரைக்காரருக்கு ஆகாது. குருணை பல்லில் தட்டுப்படணும், கரண்டியால் சாப்பிடணும். ஒருவருக்கு உலர் ரவை 35 கிராமைத் தாண்டாமல், காய்கறி அதைப்போல் மூன்று மடங்கு. பருப்பை விடாதீர்கள்: கோதுமைப் புரதத்தில் லைசின் என்கிற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய. சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்தால் அளவு சரியா என்று தெரிந்துவிடும். இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர் ராத்திரிச் சாப்பாட்டை மாற்றும் முன் டாக்டரிடம் சொல்லிவிடணும், சாப்பாட்டின் அளவு குறைந்தால் சர்க்கரை இறங்கிப்போகும் அபாயமும் உண்டு.

வடோதரா வாசி | 8 நவம்பர், காலை 10.10

இங்கே குஜராத்தில் இதையே ஃபாடா நி கிச்சடி என்று செய்வார்கள். கோதுமை ஃபாடா (உடைத்த கோதுமை), பாசிப்பருப்பு ஏறக்குறைய சரிபாதி, உருளை, பட்டாணி, காலிஃபிளவர், கேரட். பட்டை, கிராம்பு, சீரகம், பெருங்காயம் தாளிப்பு. தொட்டுக்கொள்ள 'கடி' என்கிற மோர்க்குழம்பு. இங்கே கஞ்சி என்று யாரும் நினைப்பதில்லை, தட்டில் பரிமாறுவார்கள். அதே ஃபாடாவை நெய்யில் வறுத்து வெல்லம் போட்டால் லாப்சி, விசேஷத்துக்கு.

நெய்க்கரண்டி | 8 நவம்பர், பிற்பகல் 1.30

பருப்பைச் சரிபாதி ஆக்குவது நல்ல யோசனை, சர்க்கரைக்காரருக்கு இன்னும் நல்லது. 100 கிராம் ரவை, 30 கிராம் பருப்பு என்பதை 70, 60 என்று மாற்றிக்கொள்ளலாம், தண்ணீர் அதேதான். ருசி கொஞ்சம் பொங்கல் பக்கம் சாயும். உருளையை மட்டும் விட்டுவிடுவேன். மாவுச்சத்துக்குள் இன்னொரு மாவுச்சத்து, அதுவும் கரைந்து கெட்டியாக்கும்.

துவரம்பருப்பு போடுபவர்களுக்கு: அது வேகிற நேரம் ரவையைவிட அதிகம். அரை மணி ஊறவைத்தால்தான் சேர்ந்து வேகும். போர் தண்ணீர் உப்பாக, கடினமாக இருந்தால் ஊறினாலும் இழுக்கும், அங்கே குடிதண்ணீரில் வேகவையுங்கள்.

உளுந்தூர் | 8 நவம்பர், மாலை 5.00

தக்காளி சொல்லவே இல்லையே. தக்காளி இல்லாமல் எங்கள் வீட்டில் எதுவும் இறங்காது.

நெய்க்கரண்டி | 8 நவம்பர், மாலை 5.40

போடலாம், ஆனால் குக்கரை மூடும் முன் வேண்டாம். புளிப்பு இருந்தால் பருப்பும் காயும் மென்மையாக நேரமாகும். பீன்ஸ், பட்டாணி நிறம் மாறுவதற்கும் புளிப்பும் நீண்ட சூடும்தான் காரணம். இரண்டு தக்காளியைத் தனிக் கரண்டியில் எண்ணெயில் வதக்கித் திறந்தபிறகு சேருங்கள். அன்றைக்கு எலுமிச்சை தேவையில்லை.

நெய்க்கரண்டி | 9 நவம்பர், காலை 7.15

காய்களைப் பற்றித் தனியாகவே எழுதிவிடுகிறேன், எல்லாரும் கேரட், பீன்ஸ், பட்டாணியிலேயே நிற்கிறார்கள். இது ஹோட்டல் கிச்சடிப் பழக்கம்.

இந்தக் கஞ்சிக்கு மிகப் பொருத்தமானது சுரைக்காய். ஒரு சென்டிமீட்டர் துண்டு, ரவையோடே குக்கருக்குள். தண்ணீர் விடும், அதனால் 700 மில்லியை 600 ஆக்கணும். நறுக்கும் முன் ஒரு துண்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறியணும், கசப்புச் சுரைக்காய் உடம்புக்குக் கேடு. பீர்க்கங்காயும் இப்படித்தான், ஆனால் திறந்தபிறகு ஐந்து நிமிஷம். பரங்கிக்காய் கரைந்து இனிப்பும் நிறமும் தரும், பத்துத் துண்டுக்கு மேல் போனால் பாயசத்தை நினைவுபடுத்தும். முருங்கைக்கீரை ஒரு கைப்பிடி, உருவி, கடைசி மூன்று நிமிஷம், மூடாமல். மூடினால் கருத்து வாடை வரும். முட்டைகோஸ் மெல்லியதாக அரிந்து கடைசியில். குக்கருக்குள் போனால் அந்த நாற்றம் மறுநாளும் வீட்டில் இருக்கும்.

போடக்கூடாதவை: வெண்டை (கொழகொழப்பு, ஏற்கெனவே பசைக்குப் பயந்துதான் இங்கே வந்தோம்), கத்திரி (கஞ்சி சாம்பல் நிறமாகும்), பீட்ரூட் (மருத்துவ அவசரம் என்று வீட்டில் பயந்துவிடுவார்கள்). பாகற்காய் பற்றிக் கேட்க நினைப்பவர்கள் தயவுசெய்து புதிய இழை திறக்கவும்.

கொங்கு மஞ்சள் | 9 நவம்பர், காலை 9.45

பீட்ரூட் போட்டா குழந்தைங்க ரோஸ் கலர்னு சாப்பிடுதுங்களே!

நெய்க்கரண்டி | 9 நவம்பர், காலை 10.00

சாப்பிட்டால் சரி. துருவி, கடைசியில் போடுங்கள்.

திண்ணை | 12 நவம்பர், மாலை 4.20

சம்பா ரவை வாங்கணுமா, சாதாரணக் கோதுமை ரவை போதுமா? விலை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சொல்கிறார்கள்.

நெய்க்கரண்டி | 12 நவம்பர், இரவு 9.00

சம்பா கோதுமை என்பது மகாராஷ்டிரத்தில் கப்ளி என்று விற்கிற வேறு இனம். உமி மணியை இறுகப் பிடித்திருக்கும், சாதாரணக் கோதுமை மாதிரி அடித்ததும் உதிராது. அதனால் பக்குவப்படுத்தும் செலவு அதிகம், விலையும் அதிகம். ரவை செந்நிறமாக, சற்று நீளமான துண்டுகளாக இருக்கும். வெந்தாலும் தனித்தனியாக நிற்கும், கஞ்சியில் அந்த நறுக்குத் தெரியும். ருசிக்காக வாங்கினால் பணம் வீணில்லை.

உடம்புக்காக என்றால் என் கணக்கு வேறு. அந்த அதிகப் பணத்துக்கு இன்னும் 100 கிராம் காயும் ஒரு கைப்பிடி பருப்பும் வாங்கிப் போட்டால் பலன் அதிகம். முழுக் கோதுமையை உடைத்த எந்த ரவையிலும் தவிடு இருக்கிறது. கோதுமையில் இருக்கிற க்ளூட்டன் புரதம் ஒவ்வாதவர்களுக்குச் சம்பாவும் ஆகாது, அதுவும் கோதுமைதான். "சம்பா என்றால் பரவாயில்லை" என்று சில கடைகளில் சொல்கிறார்கள், நம்பாதீர்கள்.

சமைப்பதில் வித்தியாசம்: சம்பாவை அரை மணி ஊறவைத்தால் மேலே சொன்ன ஆறு நிமிஷம். ஊறாவிட்டால் ஒன்பது. திறந்த பாத்திரத்தில் சாதாரண ரவை பதினைந்து நிமிஷம், சம்பா இருபதுக்கு மேல், அடிக்கடி கிளறணும், ஆவியாகப் போவதற்கு ஒரு டம்ளர் தண்ணீர் கூடுதல். வெந்ததா என்று பார்க்க ஒரு குருணையை இரண்டு விரலால் நசுக்குங்கள், நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கக்கூடாது.

நெய்க்கரண்டி | 13 நவம்பர், காலை 6.50

நேற்றையதோடு ஒன்று சேர்க்கணும். ஊறவைப்பதென்றால் வறுத்தபிறகு ஊறவையுங்கள், ஊறிய தண்ணீரையும் 700 மில்லிக்குள் கணக்கு வையுங்கள். பலர் ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு முழு அளவையும் மறுபடி ஊற்றுகிறார்கள். ரவை ஏற்கெனவே கொஞ்சம் தண்ணீர் குடித்திருக்கும்.

திண்ணை | 13 நவம்பர், காலை 8.00

வாங்கிய ரவை இரண்டு மாதத்தில் ஒரு மாதிரி எண்ணெய்ச் சிக்கு வாடை வருகிறதே, வண்டு இல்லை.

நெய்க்கரண்டி | 13 நவம்பர், காலை 8.25

கோதுமை மணியின் முளைப்பகுதியில் எண்ணெய் இருக்கிறது. மணியாக இருக்கும்வரை அது பத்திரம், உடைத்ததும் காற்றுப் பட்டுக் கெட ஆரம்பிக்கும். அரைக் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தால் தாங்கும். சிக்கு வாடை வந்ததை வறுத்தால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம், சூட்டில் கசப்பு இன்னும் தெரியும்.

உளுந்தூர் | 19 நவம்பர், இரவு 7.30

மிஞ்சினால்?

நெய்க்கரண்டி | 19 நவம்பர், இரவு 8.10

இரண்டு மணி நேரத்துக்குள் அகலமான பாத்திரத்தில் ஆறவைத்து ஃபிரிட்ஜுக்குப் போகணும். காலையில் அல்வாப் பதத்தில் இருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு கப்புக்கு அரைக் கப் கொதிநீர் விட்டு மசித்து, அடுப்பில் நன்றாகக் கொதிக்க வைத்தால் பழைய பதம் வரும். உப்பு மறுபடி போடாதீர்கள். கெட்டியாகவே இருக்கட்டும் என்றால் இரண்டு ஸ்பூன் கடலை மாவு, நறுக்கிய வெங்காயம் சேர்த்துத் தோசைக்கல்லில் அடை மாதிரித் தட்டலாம். சின்னதாகத் தட்டுங்கள், பெரிதானால் திருப்பும்போது பிய்யும்.

மோர் விட்டுக் குடிப்பதென்றால் கஞ்சி முழுக்க ஆறியிருக்கணும், சூட்டில் விட்டால் மோர் திரியும். தேங்காய்ப்பாலும் அடுப்பை அணைத்தபிறகுதான்.

வடோதரா வாசி | 2 டிசம்பர், காலை 9.15

ஆபீசுக்கு ஃபிளாஸ்கில் கொண்டுபோகிறேன். ஒரு மணிக்குத் திறந்தால் கவிழ்த்தாலும் விழுவதில்லை. கஞ்சி நீர்க்கவே இருக்க என்ன வழி?

நெய்க்கரண்டி | 2 டிசம்பர், காலை 9.50

ஃபிளாஸ்குக்குள்ளும் ரவை தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்கிறது. அதனால் வீட்டில் சாப்பிடும் பதத்தைவிட ஒரு ஆளுக்கு 100 மில்லி கொதிநீர் கூடுதலாக விட்டு, ரசம் மாதிரி ஓடுகிற பதத்தில் ஊற்றுங்கள். பெரிய குருணை ரகம் போட்டால் இன்னும் நல்லது, மாவு ரகம் சுத்தமாக வேண்டாம். ஃபிளாஸ்கில் முதலில் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிஷம் வைத்துக் கொட்டிவிட்டு, கொதிக்கக் கொதிக்கக் கஞ்சியை நிரப்பணும். வெதுவெதுப்பாக ஊற்றினால் மத்தியானத்துக்குள் கெட்டுப்போகும். எலுமிச்சையைத் தனியாக எடுத்துப்போங்கள். நாலு மணி நேரத்துக்குமேல் உள்ளே வைக்காதீர்கள். வாய் அகலமான ஃபிளாஸ்க்தான், குறுகிய வாயில் பீன்ஸ் அடைத்துக்கொள்ளும்.